ஒரு மீட்டர் வட்டம்

மார்ச் மாதம் வந்தால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரிப் படங்கள் வரும். சேறு அப்பிய பூட்ஸ், கையில் மண்வெட்டி, பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குச்சி, குச்சிக்குப் பின்னால் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் குழந்தை. பள்ளிக்கூடம், கோயில் வளாகம், கவுன்சில் பூங்கா என்று எங்கே பார்த்தாலும் மரம் நடுகிறார்கள். நல்ல விஷயம்தான். அதே குச்சியை ஜூன் மாதம் யாராவது படம் எடுத்து அனுப்பி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. ஜூனில் குச்சி எங்கே தெரிகிறது? புல்தான் தெரியும்.

இந்த மாதம் அந்தப் புல்லைப் பற்றித்தான். கோடு எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். எண்ணுகிற வேலை என் தலையில் விழுந்தது. எண்ணப் போனவன் காரணத்தைத் தேடாமல் வர முடியவில்லை.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், ரெடிங் பக்கம். எங்கள் தமிழ்ப் பள்ளி ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக்கு எடுக்கும் கட்டடத்தின் பின்னால் கவுன்சிலுக்குச் சொந்தமான ஒரு புல்வெளி இருக்கிறது. 2022 மார்ச்சில் அதன் ஒரு மூலையில் மரம் வைக்க அனுமதி கிடைத்தது. வுட்லண்ட் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பள்ளிகளுக்கும் ஊர்க் குழுக்களுக்கும் இலவசமாகக் கன்றுகள் தருகிறது. அப்படி 105 கன்றுகள் வந்தன: ரோவன், ஹாதோர்ன், ஹேசல், சில்வர் பர்ச், காட்டுச் செர்ரி. இரண்டு மீட்டருக்கு ஒன்று வீதம் நட்டால் 420 சதுர மீட்டர் வரும். ஒன்றரை டென்னிஸ் கோர்ட் அளவு. ஒவ்வொரு கன்றிலும் நட்ட குழந்தையின் பெயரைத் தமிழில் எழுதிக் கட்டினார்கள். தன் பெயரைத் தமிழில் முதல்முறையாக எழுதிய குழந்தைகளும் அதில் உண்டு.

அந்த வருடக் கோடை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரில் உள்ள கானிங்ஸ்பியில் 40.3 டிகிரி. இந்த நாட்டில் அதற்கு முன் அப்படி ஒரு வெயில் பதிவானதே இல்லை. ஆகஸ்ட் கடைசியில் எங்கள் பகுதியில் தோட்டக் குழாய்க்கும் தடை வந்தது. என் மகள் செப்டம்பரில்தான் அந்தப் பள்ளியில் சேர்ந்தாள். புது அப்பா, எக்செல் தெரிந்தவர் என்று கன்றுகளை எண்ணும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். 105-ல் 41 காய்ந்திருந்தன.

எண்ணிக்கொண்டிருந்தபோது ஏழு வயதுப் பையன் ஒருவன் கூடவே வந்தான். ஒரு குச்சியின் முன்னால் நின்று, "அங்கிள், என் பேர் இருக்கு, மரம் இல்லை" என்றான். அழவெல்லாம் இல்லை. பிழை கண்டுபிடித்துச் சொல்கிற மாதிரிதான் சொன்னான். எனக்குத்தான் என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். செத்த கன்றுகளைக் குழந்தைகள் பார்ப்பதற்குள் எடுத்துவிட்டு, நவம்பரில் அதே இடத்தில் அதே ஜாதிக் கன்றை நட்டு, அதே அட்டையைக் கட்டிவிடலாம். தங்க மீன் செத்தால் கடையில் இன்னொன்று வாங்கி வந்து தொட்டியில் விடுவோமே, அந்த மாதிரி. கிட்டத்தட்ட எல்லோரும் தலையாட்டினார்கள். வகுப்பு ஆசிரியை மட்டும் மறுத்தார். "சரி, மாத்தி வைக்கலாம். அடுத்த வருஷமும் செத்தா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. ஏனென்றால் ஏன் செத்தது என்று எங்களில் யாரும் யோசிக்கவே இல்லை. வெயில் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. வெயில்மேல் யார் வழக்குப் போட முடியும்? கவுன்சில் வேறு, முதல் மூலை பிழைத்தால்தான் மீதி இடத்தைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லிவிட்டது.

என் எக்செல்லில் ஒரே ஒரு இடம் மட்டும் ஒத்துவரவில்லை. வேலியோரம் பதினோரு கன்றுகள். அதில் பத்து உயிரோடு இருந்தன. நிழல் இல்லை, அதே மண், அதே வெயில், தண்ணீர்க் குடம் அங்கே போனதே இல்லை. ஒரே வித்தியாசம், நடுவதற்கு முன்னால் யாரோ மரம் வெட்டி அரைத்த வுட்சிப்பை அங்கே கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த மரச்சில்லுக் குவியலை நிரவிவிட்டு அதற்குள்ளேயே கன்றுகளை நட்டிருந்தார்கள். அதனால் அங்கே புல் முளைக்கவில்லை.

மற்ற இடமெல்லாம் புல். அதிலும் அழகான புல். பெற்றோர்கள் முறைவைத்து வாரம் தவறாமல் லான்மோவர் தள்ளியிருந்தார்கள். கன்றுகள் நடுவே பச்சைக் கம்பளம். பார்க்க எவ்வளவு நன்றாக இருந்ததோ அவ்வளவு கெடுதல்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. புல் மரத்தை மறைத்து வெயிலைத் தடுக்கிறது, அதனால் குட்டையாக வெட்டிவிட்டால் போதும் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். சண்டை நடப்பது மண்ணுக்கு மேலே இல்லை. நாற்றங்காலில் இருந்து வெறும் வேரோடு பிடுங்கி வரும் கன்று, அதன் மெல்லிய வேர்களில் பெரும்பகுதியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறது. தண்ணீர் உறிஞ்சுவது அந்த மெல்லிய வேர்கள்தான். அதைத் திரும்ப வளர்த்துக்கொள்ள அதற்கு முதல் ஒன்றிரண்டு வருடங்கள் தேவை. அதுவரை அது மேல்மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குள்தான் பிழைப்பு நடத்தவேண்டும். புல்லின் வேர் அடர்த்தியாகப் பின்னிக்கிடப்பதும் அதே ஒரு சாணில்தான். போதாததற்கு, மண் ஆறு டிகிரி வாக்கில் சூடானதுமே புல் வளர ஆரம்பித்துவிடும். கன்று கண் விழித்து இலை விடுவதற்குள் குளிர்காலம் சேர்த்து வைத்த ஈரத்தில் ஒரு பங்கைப் புல் குடித்து முடித்திருக்கும். நைட்ரஜனும் அப்படித்தான் போகும். பந்திக்குக் கடைசியில் வந்தவனுக்கு இலை மட்டும் கிடைக்கிற கதை.

வெட்டினால் புல்லின் பசி அடங்காது. வெட்டாமல் விட்ட புல்லாவது ஜூன் ஜூலையில் பூத்து, விதைத்து, கொஞ்சம் ஓய்ந்துபோகும். வாராவாரம் வெட்டிய புல் ஓயாது. ஒவ்வொரு வெட்டுக்கும் புது இலை விடும், புது இலைக்குத் தண்ணீர் கேட்கும். வெட்டிய புல் வெட்டாத புல்லுக்குக் குறையாமல், சில சமயம் கூடுதலாகவே ஈரத்தை இழுக்கும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. இந்த நாட்டின் வனத்துறையான ஃபாரஸ்ட்ரி கமிஷன் 1987-லேயே 'ட்ரீஸ் அண்ட் வீட்ஸ்' என்று ஒரு கையேடு போட்டிருக்கிறது. ஆர். ஜே. டேவிஸ் எழுதியது. புல்லை வெட்டுவது களையெடுப்பு ஆகாது, கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் குறுக்களவுக்குப் புல்லே இருக்கக் கூடாது, அதுவும் முதல் மூன்று வருடமாவது இருக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். நான் பிறந்த காலத்துப் புத்தகம். இன்னும் நாம் லான்மோவர் தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

புத்தகம் வரை போயிருக்கவே வேண்டாம் என்று பிறகு தெரிந்தது. இதைப் பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அந்த மூலையில் நின்றபோது, பேரனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த யாழ்ப்பாணத்து அம்மம்மா ஒருவர் குனிந்து புல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெட்டாதேங்கோ தம்பி, வேரோட பிடுங்குங்கோ. தலைமயிரை வெட்டினா வளராமல் நிண்டிடுமோ?" நான் பதினைந்து நிமிடம் வரைபடம் போட்டு விளக்க வைத்திருந்தது அந்த ஒரு வரியில் முடிந்துவிட்டது.

அன்று இரவு அப்பாவிடம் போனில் சொன்னேன். எங்கள் ஊர் பட்டுக்கோட்டை பக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னைகளை ஒரே ராத்திரியில் சாய்த்துப் போட்டது. அதற்குப் பிறகு அந்த வயதில் அப்பா மறுபடி பிள்ளை வைத்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "வட்டப்பாத்தி எடுத்தீங்களா?" இல்லை என்றேன். "தண்ணி அப்புறம் ஊத்து. மொதல்ல புல்ல எடு. புல்லோட ஊத்துனா புல்லுக்குத்தான் ஊத்துற." தென்னையைச் சுற்றி வட்டமாகக் கொத்தி, களையெடுத்து, அதில் மட்டையையும் மட்டை உரித்த பஞ்சையும் பரப்புவதுதான் வட்டப்பாத்தி. மேலே பரப்புவதை ஊரில் மூடாக்கு என்பார்கள். இங்கே மல்ச் என்கிறார்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகம் வளர்ந்த தென்னைக்கு 1.8 மீட்டர் ஆரத்துக்குச் சொல்கிறது. முழங்கால் உயரக் கன்றுக்கு இங்கே அரை மீட்டர் ஆரம். கணக்கு வேறு, சங்கதி ஒன்றுதான்.

தமிழ்ப் பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு துணைச் செய்தி. உழவு அதிகாரத்தில் 1038-வது குறளைத் திறந்து பாருங்கள். உழவு, எரு, களை, நீர், காவல் ஐந்தும் அதில் இருக்கின்றன. தண்ணீரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் களை எடுத்து முடித்திருக்க வேண்டும் என்ற வரிசையும் இருக்கிறது. எங்கள் ஆசிரியை அதை அந்த மூலையில் நிற்க வைத்தே நடத்தினார். வகுப்பில் மனப்பாடம் ஆகாத குறள் அங்கே ஆனது.

சரி, என்ன செய்வது?

முதலில் வட்டம். ஒரு மீட்டர் என்றால் குழந்தைகளுக்குப் புரியாது. ஹூலா ஹூப் புரியும். பெரிய ஹூலா ஹூப் கிட்டத்தட்ட அந்த அளவுதான். கன்றுக்கு மேலாகக் கவனமாக இறக்கி வைத்தால் வட்டம் ரெடி. "இந்த வளையத்துக்குள்ள பச்சையா எது இருந்தாலும் எடு, நடுவுல இருக்கிறதை மட்டும் விட்டுடு" என்றால் ஐந்து வயதுக் குழந்தையும் செய்யும். மழை பெய்த மறுநாள் எடுங்கள், வேரோடு வரும். காய்ந்த மண்ணில் இழுத்தால் தலை மட்டும் கையில் வரும், அது மறுபடி வெட்டிய கதைதான். தண்டுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் கையால் மட்டும். அதற்கு வெளியே சின்னக் களைக்கொத்து போதும், ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போகாதீர்கள். கன்றின் புது வேர் அங்கேதான் ஓடுகிறது. பிளாஸ்டிக் ட்யூப் மாட்டியிருந்தால் அதற்குள்ளும் எட்டிப் பாருங்கள். சுற்றிலும் சுத்தமாக இருக்கும், ட்யூபுக்குள் கன்றை நெரித்துக்கொண்டு புல் நிற்கும். எங்களிடம் அப்படி ஆறு இருந்தன.

எல்லாக் களையும் பிடுங்கினால் போய்விடாது. இங்கே கௌச் கிராஸ் என்று ஒன்று உண்டு. நம் அருகம்புல்லின் தாயாதி என்றே சொல்லலாம். மண்ணுக்கடியில் வெள்ளை வேர்த்தண்டு ஓடும், துண்டாக அறுந்தால் ஒவ்வொரு துண்டும் முளைக்கும். கல்யாண வாழ்த்தில் ஆலையும் அருகையும் சேர்த்துச் சொல்வோம். வாழ்த்தில் சரி, ஒரே குழியில் இரண்டும் சேராது. ஆல் வேர் பிடிக்கும்வரை அருகைத் தள்ளி வைக்கத்தான் வேண்டும்.

அதற்குத்தான் கார்ட்போர்டு. அமேசான் பெட்டிகள் நம் எல்லோர் வீட்டிலும் மலையாகக் கிடக்கின்றன. டேப்பையும் லேபிளையும் உரித்துவிட்டு, வழவழப்பாக அச்சடித்த பெட்டிகளை ஒதுக்கிவிட்டு, சாதாரணப் பழுப்பு அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். களை எடுத்த வட்டத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி பரப்பி, நன்றாக நனைத்து, அதன்மேல் வுட்சிப் போடுங்கள். எட்டு சென்டிமீட்டர் கனம். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு மரத்துக்கு 63 லிட்டர். வீட்டு வாசலில் நிற்கும் 240 லிட்டர் வீலி பின் ஒன்றை நிரப்பினால் ஏறக்குறைய நான்கு மரம். 105 மரத்துக்கு 6.6 கன மீட்டர். இதைக் கடையில் மூட்டை மூட்டையாக வாங்கினால் கட்டுப்படியாகாது. தெருவில் மரம் வெட்டிக்கொண்டிருக்கும் ட்ரீ சர்ஜன்களிடம் கேளுங்கள். கொட்ட இடம் தேடித்தான் அவர்கள் அலைகிறார்கள், பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். எங்களுக்குத் தந்தவர் கேட்டது ஒரு டீயும் இரண்டு வடையும்.

பச்சை மரச்சில்லு மண்ணின் நைட்ரஜனை உறிஞ்சிவிடும் என்று ஒருவர் பயமுறுத்தினார். மண்ணுக்குள் கலந்து கொத்திவிட்டால் அப்படி ஆகும். மேலே பரப்பினால் ஒட்டியிருக்கும் மேல்தோல் மண்ணில் மட்டும்தான் அந்த இழுபறி, அடியில் இருக்கும் வேருக்குப் பாதகமில்லை. மேல்மண்ணில் விழும் களை விதைக்கு அது இடைஞ்சல் என்றால் நமக்கு லாபம்தானே.

ஒரே ஒரு எச்சரிக்கை, இதை அழுத்திச் சொல்கிறேன். மூடாக்கைத் தண்டின்மேல் சாய்க்காதீர்கள். மரத்தடியில் எரிமலை மாதிரிக் குவித்து வைப்பது இங்கே எல்லாக் கார் நிறுத்தங்களிலும் பார்க்கக் கிடைக்கும் காட்சி. ஈரச் சில்லு பட்டையை ஒட்டிக் கிடந்தால் பட்டை அழுகும். தண்டைச் சுற்றி ஒரு கை அகலம் வெறும் மண் தெரியவேண்டும். எரிமலை வேண்டாம், டோனட்.

அந்த இடைவெளிக்கு இன்னொரு காரணமும் உண்டு. வோல் என்று ஒரு குட்டை வால் எலி இருக்கிறது. அடர்ந்த புல்லுக்குள் சுரங்கம் போட்டு வாழும். குளிர்காலத்தில் தீனி குறைந்தால் இளம் பட்டையைச் சுற்றிலும் கொறித்துவிடும். பட்டை ஒரு முழுச் சுற்று போனால் மரம் போச்சு. மறைவில்லாத வெட்ட வெளியைக் கடக்க அது பயப்படும், மேலே ஆந்தையும் கெஸ்ட்ரலும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் தரையில் விரிக்கும் பாய், பிளாஸ்டிக் விரிப்பு மாதிரியான மூடாக்குக்கு அடியில் வோல் வசதியாகக் குடியேறிவிடும். அப்படி விரித்திருந்தால் அக்டோபரில் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். ட்யூபின் அடிப்பக்கம் மண்ணில் நன்றாக அழுந்தியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

எலியைவிடப் பெரிய எதிரி ஸ்ட்ரிம்மர். அந்த 41-ல் ஒன்பது, வெயிலில் சாகவே இல்லை. கையால் அட்டையை விலக்கிப் பார்த்தபோது தரையோடு தரையாகப் பட்டை சீவியிருந்தது. கவுன்சிலுக்குப் புல் வெட்ட வரும் ஒப்பந்தக்காரர்கள் நைலான் நூல் சுழலும் அந்த மிஷினைத் தண்டுவரை கொண்டுபோயிருக்கிறார்கள். வேகமாக வேலை முடிக்க வேண்டும், அவர்கள்மேல் முழுப் பழியையும் போட முடியாது. புல்லுக்குள் குச்சி எங்கே என்று யாருக்குத் தெரியும்? மரத்துக்குச் சாப்பாடு போகும் குழாய் பட்டைக்கு உட்புறத்தில் நூல் கனத்தில்தான் இருக்கிறது. இரண்டு நொடி போதும். இரண்டு கடிதம் எழுதினோம், ஒரு பதில் வந்தது, கவனிக்கிறோம் என்று. கடிதத்தைவிட வுட்சிப் வட்டம் நன்றாக வேலை செய்தது. வட்டத்துக்குள் வெட்டப் புல்லே இல்லாதபோது மிஷினுக்கு அங்கே என்ன வேலை?

இப்போது மருந்து. கூட்டத்தில் பாதி நேரத்தை இது சாப்பிட்டது. கிளைஃபோசேட் தெளித்தால் ஒரு மணி நேர வேலை, இத்தனை பேர் குனிந்து நிமிர வேண்டாமே என்று சிலர். புற்றுநோய் என்று சிலர். இரு பக்கமும் போனைத் திறந்து காட்டினார்கள், இரு பக்கமும் சொன்னது உண்மைதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் அதை, மனிதருக்குப் புற்றுநோய் வரவைக்கக்கூடும் என்று கருதப்படும் வகையில் வைத்தது. அதே வருடம் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படி நேர வாய்ப்புக் குறைவு என்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் இன்னும் பத்து வருடத்துக்கு அனுமதி நீட்டித்தது. பெரிய காடு வளர்ப்பவர்கள் அதைப் பயன்படுத்துவதற்கு அவர்களுக்குக் காரணம் இருக்கிறது, ஆயிரக்கணக்கில் கன்றுகளைக் கையால் செய்ய முடியாது. எங்கள் விஷயத்தில் நான் பார்த்தது வேறு. கடையில் வாங்கும் மருந்து வீட்டுத் தோட்டத்துக்கானது. பொது இடத்தில் தொழில்முறை மருந்து தெளிக்கப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். அது இலை வழியாக வேருக்கு இறங்கும் மருந்து, கன்றின் இலையிலோ பச்சைப் பட்டையிலோ பட்டால் கன்றையும் கொல்லும். எல்லாவற்றுக்கும் மேலே, நூறு குழந்தைகள் கை வைத்து விளையாடும் மண், நூறே மரம். வேண்டாம் என்று கை தூக்கினேன். உங்கள் இடம் வேறு மாதிரி இருந்தால் நீங்கள் வேறு முடிவு எடுக்கலாம்.

உரமும் அப்படித்தான் விவாதமானது. மனசு நல்ல ஒரு அப்பா இரண்டு மூட்டை வாங்கியே வந்துவிட்டார். புல் இருக்கும்போது உரம் போட்டால் அதையும் புல்தான் முதலில் சாப்பிடும், இன்னும் கொழுத்துக் கன்றை இன்னும் நெருக்கும். களை எடுத்த இடத்தில் முதல் வருடம் உரம் அவசியமே இல்லை. அவர் அதை வீட்டுத் தக்காளிக்குப் போட்டு, ஆகஸ்டில் எல்லோருக்கும் தக்காளி கொடுத்தார்.

வட்டத்துக்கு வெளியே என்ன செய்வது என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் இன்னும் கருத்து வேறுபாடு. அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். கோடு போட்ட மாதிரிப் புல்வெளி இருந்தால்தான் அவளுக்கு இடம் கவனிக்கப்படுகிற மாதிரித் தெரியும். அக்கம்பக்கத்தார் நம் ஆட்களைக் குறை சொல்லிவிடக் கூடாதே என்ற கவலையும் அதில் உண்டு, அது எனக்குப் புரிகிறது. நான் சொல்வது, வெளியே வளரட்டும். பட்டாம்பூச்சி வரும், ஜூலை கடைசியில் ஒருமுறை வெட்டினால் போதும். மழையில் சாய்ந்து கன்றின்மேல் படுக்காத அளவுக்குப் பார்த்துக்கொண்டால் சரி. கடைசியில் நடைபாதை ஓரம் மட்டும் ஒரு லான்மோவர் அகலத்துக்கு வெட்டுகிறோம். அந்த ஒரு கோடு இருந்தால் உள்ளே புல் இடுப்பு வரை நின்றாலும் யாரும் கேட்பதில்லை.

குழந்தைகளுக்குக் கையுறை கட்டாயம். இங்குள்ள நெட்டில் நம் ஊர்க் காஞ்சொறிக்குத் தம்பி, தொட்டால் அரை மணி நேரம் எரியும். ராக்வொர்ட் என்ற மஞ்சள் பூச்செடியையும் வெறும் கையால் பிடுங்கவிடாதீர்கள்.

ஆசிரியை சொன்னபடியே குழந்தைகளிடம் மறைக்கவில்லை. 41 செத்தது, ஒன்பது மிஷின் வெட்டியது, மீதிக்குப் புல் தண்ணீர் விடவில்லை என்று அட்டவணையைக் காட்டியே சொன்னோம். அந்த ஏழு வயதுக்காரன் கேட்டது ஒன்றுதான்: "அப்ப புல்லை எடுத்தா சாகாதா?" சாகாது என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. குறையும் என்றோம். நவம்பரில் 41 இடத்திலும் புதிதாக நட்டு, எல்லா மரத்துக்கும் வட்டம் போட்டோம். 2023 செப்டம்பர் எண்ணிக்கையில் மொத்தம் ஆறு போயிருந்தன. அந்த வருடம் மழையும் நன்றாகப் பெய்தது, அதையும் சொல்லவேண்டும். வெயில் வருடத்தில் வட்டம் எவ்வளவு தாங்கும் என்பதற்கு என்னிடம் இருக்கும் சாட்சி வேலியோரத்துப் பதினொன்று மட்டும்தான். அவன் மரம் பிழைத்தது. இரண்டாவது ரோவன். இப்போது அவனைவிட உயரம், அதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

மற்ற நாட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒன்டாரியோவில் அழகுக்காகக் களைக்கொல்லி தெளிப்பது 2009-லிருந்தே தடை, ஆகவே விவாதம் மிச்சம், நேராக மூடாக்குக்குப் போய்விடலாம். அங்கே பனிக்கு அடியில் வோல் மாதக்கணக்கில் மறைந்து வேலை பார்க்கும். தண்டைச் சுற்றிக் கம்பி வலை போடுங்கள், பனி நிற்கும் உயரத்துக்கு மேலே அது வரவேண்டும். ஆஸ்திரேலியாவில் தென்பகுதியில் இருப்பவர்கள் இலையுதிர் காலத்தில் நட்டால் முதல் கோடைக்குள் வேருக்கு அவகாசம் கிடைக்கும். மாதக் கணக்கை ஆறு தள்ளிப் படித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் முறை வருடத்துக்கு மூன்று: ஏப்ரல் ஆரம்பம், மே கடைசி, ஜூலை நடு. குளிர்காலத்தில் ஒருநாள் வுட்சிப் நிரப்புவதற்கு. ஆளுக்கு நான்கு மரம் என்றால் ஒரு மணி நேரம் ஆகாது, குழந்தை உதவினால் ஒன்றரை மணி நேரம். இந்த வருடமும் ஏப்ரல் முதல் ஞாயிறு, வகுப்பு முடிந்ததும். ரெடிங் பக்கம் இருப்பவர்கள் வரலாம். கையுறை நீங்கள் கொண்டுவாருங்கள், ஹூலா ஹூப் எங்களிடம் நான்கு இருக்கிறது.